பாதி மிதித்த கிளட்ச்

இப்போதெல்லாம் யாரும் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. முள் எங்கே நிற்கிறது, விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது என்று எட்ட நின்று பார்த்துவிட்டு, எல்லாம் ஓகே என்று கிளம்பிவிடுகிறார்கள். வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்பதைக்கூடப் போனைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஆட்கள் வந்துவிட்டார்கள். கையை வைத்துப் பார்த்தால் கை தேய்ந்தா போய்விடும்? இதை நினைத்தாலே பிரேக்குக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிரேக்கு என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். பஸ் ஓட்டிய காலத்தில், ரோட்டில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தால்கூட பிரேக் போட்டு அது எழுந்து போகும்வரை காத்திருப்பார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப்போய் சக்கரத்துப் பிரேக் டிரம்மில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு கூடுதலாகத் தெரிந்தால், உள்ளே இருக்கிற சனம் என்ன கத்தினாலும் வண்டி நகராது. வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றார். பெயர் ஓய்வு பெறவில்லை.

ஸ்டியரிங் போன கையோடு அவருக்கு வேறொரு பிடி கிடைத்தது. மனைவிக்கு இரண்டு முழங்காலும் மடக்க முடியாமல் போய், சக்கர நாற்காலி வந்தது. மணிக்கட்டிலும் வலி என்பதால் சக்கரத்தைத் தானே உருட்ட அவளால் ஆகாது. பிரேக்கு பின்னால் நின்று தள்ளினார். தள்ளினார் என்று சொல்வது தப்பு, ஓட்டினார். எப்போது கிளம்ப வேண்டும், எந்த ஓரமாகப் போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் எல்லாம் அவர் கணக்கு.

அங்கேதான் வம்பு. தெருவின் முடிவில் மேடு. மேட்டின் உச்சியில் நூலகம். நூலகத்துக் கூடத்தில் வாரம் ஒரு நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடிப் பாடுவார்கள். மனைவிக்கு அந்தக் குழுவில் நல்ல மரியாதை. கடைசிப் பாட்டு அவள் எடுத்துக்கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவள் கடைசிப் பாட்டு வரை இருந்ததே இல்லை. அதற்கு முந்தின பாட்டிலேயே பிரேக்கு கதவருகே வந்து நின்று தொண்டையைச் செருமுவார்.

"இன்னும் ஒரே ஒரு பாட்டுங்க."

"டைம் ஆச்சு."

எதற்கு டைம் ஆச்சு என்பது யாருக்கும் தெரியாது. வீட்டில் அவருக்காக எந்தப் பயணியும் காத்திருக்கவில்லை.

மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த மருமகள், ஒருநாள் வேலையிலிருந்து வரும்போது ஒரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வேலை பார்ப்பது இன்வெர்ட்டர், பேட்டரி வண்டி எல்லாம் ரிப்பேர் செய்கிற கடையில். பழைய லாரியில் கண்ணாடி துடைக்கிற மோட்டார் அது. நாற்காலியின் சக்கரத்தோடு அதைச் செயின் போட்டு இணைத்தாள். இருக்கைக்கு அடியில் பேட்டரி, முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு கம்பி. கைப்பிடியில் ரேடியோவில் இருப்பதுபோல ஒரு திருகு. அதைத் திருகினால் வேகம் கூடும், குறையும்; கையை எடுத்தால் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். வேகத்தைக் கட்டுப்படுத்துகிற வேலையைச் செய்வது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு டிரான்சிஸ்டர். கட்டைவிரல் நகம் அளவு, மூன்று கால், கறுப்பு.

"இந்தப் பொடிசா உங்க அத்தையைத் தூக்கப்போகுது?" என்றார் பிரேக்கு.

"தூக்காது மாமா. குழாய் மாதிரி. கரண்டை எவ்வளவு விடணுமோ அவ்வளவு விடும்."

முதல் ஓட்டம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. மனைவி திருகை முழுக்கத் திருப்பினாள். நாற்காலி சமையலறை வாசலிலிருந்து முன்கதவு வரை விர்ரென்று போனது. அவள் சிறுமி மாதிரி சிரித்தாள். பிரேக்கு பின்னாலேயே ஓடினார். "மெதுவா, மெதுவா. சுவத்துல மோதிடப்போற. சொன்னாக் கேளு, மெதுவா."

அவருக்காக அவள் திருகைப் பாதிக்குக் குறைத்தாள். நாற்காலி ஊர்ந்தது. ஜன்னலைத் தாண்டியது, அலமாரியைத் தாண்டியது. அலமாரியைத் தாண்டும்போது ஒரு நாற்றம் வந்தது. பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து மெல்லியதாக ஒரு புகை எழுந்தது. நாற்காலி நின்றுபோனது.

"பாத்தியா?" என்றார் பிரேக்கு. குரலில் இருந்த சந்தோஷத்தை அவர் மறைக்கக்கூட முயலவில்லை. "அப்பவே சொன்னேன். வேகம் ஆகாதுன்னு."

மருமகள் தரையில் மண்டியிட்டு, செத்துப்போன டிரான்சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேகத்துல போகல மாமா. வேகமா போனப்ப நல்லாத்தான் இருந்துச்சு. மெதுவா போனப்பதான் வெந்துபோச்சு."

"யாரு காதுல பூ சுத்துற? மெதுவா போனா சூடாகுமா? எந்த ஊரு நியாயம் இது?"

அவள் புதிதாக ஒன்றைப் பொருத்தினாள். மாமியாரைக் கட்டிலில் உட்காரவைத்து, நாற்காலியைச் செங்கல் மேல் தூக்கி நிறுத்தி, சக்கரத்தின் மேல் ஒரு பலகையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளும்படி பிரேக்கிடம் சொல்லி, ஆள் உட்கார்ந்த மாதிரி பாரம் கொடுத்தாள். திருகை முழுக்கத் திருப்பினாள். "தொட்டுப் பாருங்க."

பிரேக்கு புறங்கையை வைத்தார். இளஞ்சூடு. அவ்வளவுதான்.

திருகைப் பாதிக்குக் கொண்டுவந்தாள். "கொஞ்சம் பொறுத்துத் தொடுங்க. பாத்து."

வைத்த வேகத்தில் கையை இழுத்துக்கொண்டார். புறங்கையில் சின்னதாக ஒரு சிவப்பு. மனைவி கட்டிலில் இருந்தபடியே, "வாய்ல வெச்சு ஊதுங்க" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பிரேக்குக்கு இது பிடிக்கவில்லை. இத்தனை வருடம் அவருக்குச் சோறு போட்டது மெதுவாகப் போனால் நல்லது என்கிற ஒரே எண்ணம். ஒரு கறுப்புப் பொடிசு வந்து அதைப் பொய் என்கிறது.

"மாமா, ஒண்ணு கேக்கறேன்," என்றாள் மருமகள். "மேட்டுல பஸ் நிக்குது. பிரேக் போடாம, கிளட்சைப் பாதி மிதிச்ச மாதிரியே வெச்சு வண்டியை நிறுத்திக்கிட்டே இருந்தா என்ன ஆகும்?"

"எவன் அப்படி ஓட்டுவான்? கிளட்ச் பிளேட்டு கருகிப்போகும்."

"முழுசா மிதிச்சா?"

"ஒண்ணும் ஆகாது."

"முழுசா விட்டுட்டா?"

"அதுக்கும் ஒண்ணும் ஆகாது. ரெண்டும் ஒட்டிக்கிட்டு சுத்தும். பாதியில வெச்சாத்தான் தேயும்…" என்று சொல்லிக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அதேதான் இங்கயும். முழுசா திறந்தாலும் சூடு இல்ல, முழுசா மூடினாலும் சூடு இல்ல. பாதி திறந்து வெச்சா மோட்டாருக்குப் போகவேண்டியதுல ஒரு பங்கை இது தானே வாங்கித் தின்னுட்டு வெந்துபோகுது."

தன் வாயாலேயே பதிலைச் சொல்லவைத்துவிட்டாளே என்று பிரேக்குக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். தாகமே இல்லை.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை பட்டறை ஆகிவிட்டது. மருமகள் வேலை முடிந்து வந்து கை கழுவுவாள், சாப்பிடமாட்டாள், நேராக மேசைக்குப் போவாள். மனைவி பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு திருகாணி எடுத்துக் கொடுப்பாள், கம்பி பிடிப்பாள், ஈயம் பற்றவைக்கும்போது ஊதுவாள். மாமியாரும் மருமகளும் குசுகுசுவென்று பேசுவதும், திடீரென்று இரண்டு பேரும் சேர்ந்து "அடச்சே" என்பதும், மறுபடி சிரிப்பதுமாக வீடே கலகலவென்று இருந்தது. பிரேக்கு செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மருமகளின் யோசனை இதுதான். டிரான்சிஸ்டரைப் பாதியில் நிற்கவிடவே கூடாது. முழுக்கத் திற, முழுக்க மூடு, முழுக்கத் திற, முழுக்க மூடு. கண் இமைக்கிற நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான தடவை. திறந்திருக்கிற நேரம் அதிகமானால் வேகம். மூடியிருக்கிற நேரம் அதிகமானால் நிதானம்.

இதைக் கேட்டதும் செய்தித்தாள் கீழே இறங்கியது. "இப்படி மிதிச்சு மிதிச்சு விடுறவனை நான் பாதி வழியில பஸ்ஸை விட்டு இறக்கியிருப்பேன். உள்ள இருக்கிறவன்லாம் வாந்தி எடுப்பான்."

"மோட்டாருக்கு அது தெரியவே தெரியாது மாமா. அது நின்னு திரும்பிப் பாக்கறதுக்குள்ள அடுத்த தள்ளு வந்துரும்."

"அப்ப ஏமாத்து வேலைதான்."

"ஆமா," என்றாள் அவள் உற்சாகமாக. "சுத்தமான ஏமாத்து வேலை."

முதல் நாள் அந்த ஏமாற்று வேலை பட்டென்று ஒரு சத்தத்தோடு முடிந்தது. கரண்டை வெட்டுகிற ஒவ்வொரு தடவையும் மோட்டார் திருப்பி ஒரு உதை விட்டிருக்கிறது. அந்த உதையில் டிரான்சிஸ்டர் போய்விட்டது. மருமகள் தலையில் அடித்துக்கொண்டு, மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு டயோடைப் போட்டாள். உதை வந்தால் அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு போகட்டும் என்று. டிரான்சிஸ்டரின் முதுகில் வெள்ளைப் பசையைத் தடவி, சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தகடு நிற்கிற ஒரு அலுமினியக் கட்டையில் திருகினாள். மிச்சம் மீதிச் சூட்டை அந்தத் தகடுகள் வாங்கிக் காற்றில் விட்டுவிடும். கடைசியாக, இஸ்திரிப் பெட்டியில் இருப்பதுபோல ஒரு குட்டி சுவிட்ச். கட்டை கொதித்தால் தானாக நிறுத்தும், ஆறினால் தானாக விடும்.

திருகைத் திருப்பியதும் நாற்காலி ஙீ என்று மெல்ல ஒரு சத்தம் போட்டுக்கொண்டு நகர்ந்தது. மனைவி காதைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு அதே சுருதியைப் பிடித்து ஒரு பாட்டின் முதல் அடியைப் பாடினாள். பாதி வேகத்தில் கூடம் முழுக்கச் சுற்றினாள். சமையலறையைச் சுற்றினாள். மருமகள் பின்னாலேயே குனிந்துகொண்டு அலுமினியக் கட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி ஓடினாள். "வெதுவெதுப்பு அத்தை. வெறும் வெதுவெதுப்பு."

"வீட்டுக்குள்ள சுத்துறது பெரிய காரியமா?" என்றார் பிரேக்கு. "மேட்டுல ஏறட்டும் பாக்கலாம்."

நாற்காலி நின்றது. மனைவி அதை மெதுவாகத் திருப்பி அவருக்கு நேராக நிறுத்தினாள்.

"ஏறினா?"

"ஏறாது."

"ஏறினா, அப்புறம் நீங்க இந்தப் பின்னாடிப் பிடியில கை வைக்கக் கூடாது. நானா போவேன், பாட்டு முடிஞ்சப்புறம் நானா வருவேன்."

"நடுவுல நின்னுட்டா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நின்னுட்டா, மோட்டாரைக் கழட்டிடலாம். நீங்க எப்ப டைம் ஆச்சுன்னு சொல்றீங்களோ அப்ப வாயைத் திறக்காம வந்துடறேன். கடைசி வரைக்கும்."

மருமகள், "அத்தை, இப்பவே எதுக்கு" என்று ஆரம்பித்தாள். மனைவி கையை உயர்த்தி நிறுத்தினாள். பந்தயம் பந்தயம்தான்.

நியாயமாகப் பார்த்தால் பிரேக்கு சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் பாட்டு நாளுக்கு முந்தின நாள் மனைவியின் கெண்டைக்காலில், இருக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த அலுமினியத் தகடு கீறி ரத்தம் கசிந்திருந்ததைப் பார்த்துவிட்டார். அவள் வாயே திறக்கவில்லை. பிரேக்குக்குப் பொறுக்கவில்லை. நேராக மேட்டின் அடிவாரத்தில் இருக்கிற தையல்காரர் கடைக்குப் போனார். பழைய பஸ்களில் டிரைவருக்குப் பக்கத்திலேயே எஞ்சின் இருக்கும். கால் சுடாமல் இருக்க அதன் மூடிக்குக் கனமாக ஒரு மெத்தை உறை போட்டிருப்பார்கள். அதே மாதிரி, சின்னதாக ஒன்று வேண்டும் என்றார். உள்ளே பஞ்சு, நாலு பக்கமும் கட்டிக்கொள்ள நாடா.

"மிஷினுக்கே சட்டையாண்ணே?" என்றார் தையல்காரர். ஆனாலும் ஓரத்துக்குச் சிவப்புப் பட்டி எல்லாம் வைத்து அருமையாகத் தைத்துவிட்டார்.

பாட்டு நாள் காலையில் மருமகள் முன்னாலேயே மேட்டின் உச்சிக்குப் போய்விட்டாள், அங்கிருந்து முழு ஏற்றத்தையும் பார்க்கலாம் என்று. பிரேக்கு குனிந்து அலுமினியக் கட்டையின் மேல் உறையைப் போர்த்தி, நாடாக்களை இறுக்கிக் கட்டினார்.

மனைவி தடவிப் பார்த்தாள். "பரவாயில்லையே. தோக்கப்போற நேரத்துல எனக்கு மெத்தை தெச்சுக் குடுக்கத் தோணியிருக்கே."

"கால் கிழிஞ்சா மருந்துக்கு நான்தான் அலையணும்."

மேட்டின் அடிவாரத்தில் தையல்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து நின்றார். நாற்காலி ஏறத் தொடங்கியது. பிரேக்கு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். ஙீ என்ற சத்தம் ஏற்றத்தில் தடித்தது. அடகுக்கடைப் படியைத் தாண்டியது. சைக்கிள் நிறுத்துகிற இடத்தைத் தாண்டியது. ஏறிவிடும்போல இருக்கிறதே.

வளைவுக்கு வந்தபோது சத்தம் டப்பென்று நின்றது. நாற்காலியும் நின்றது. மோட்டாரின் பல்சக்கரம் பிடித்துக்கொண்டதால் பின்னால் உருளவில்லை. மனைவி திருகைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி திருப்பினாள்.

"என்னாச்சுண்ணே?" என்று கீழேயிருந்து தையல்காரர் கத்தினார்.

ஜெயித்தாயிற்று. பிரேக்கு பழக்க தோஷத்தில் குனிந்து உறைக்குள் புறங்கையை நுழைத்தார்.

உள்ளே அடுப்பு.

கையை வெளியே எடுத்து அப்படியே நின்றார். பஸ் எஞ்சினுக்கு மேலே மெத்தை போட்டோம், சரி. ஆனால் அந்த எஞ்சினுக்கு முன்னால் ரேடியேட்டர் இருந்தது, ஃபேன் இருந்தது. சூடெல்லாம் அந்தப் பக்கமாகப் போய்விடும். இந்தப் பொடிசுக்கு ரேடியேட்டரே இந்தச் சீப்புத் தகடுதான். அதைத்தான் பஞ்சு வைத்துப் போர்த்தி, நாடா போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறோம்.

உச்சியிலிருந்து மருமகள் ஓடிவர ஆரம்பித்திருந்தாள். கட்டை இருக்கிற பக்கம் அங்கிருந்து அவள் கண்ணுக்குத் தெரியாது. உறையைச் சத்தமில்லாமல் அவிழ்த்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, நின்னுபோச்சு, பந்தயம் முடிஞ்சுபோச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பின்னாடிப் பிடி பக்கத்திலேயே இருந்தது. கை வைத்துவைத்து வழவழவென்று ஆன பிடி.

மேலே கூடத்தில் பாட்டு தொடங்கிவிட்டது கேட்டது. மனைவி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள். "தள்ளுங்க. வார்த்தை மாறமாட்டேன்."

அவள் கோபித்திருந்தால் தள்ளியிருப்பார். கேலி செய்திருந்தால் இன்னும் வேகமாகத் தள்ளியிருப்பார். வார்த்தை மாறமாட்டேன் என்று அவள் சொன்னதுதான் அவரை என்னவோ செய்துவிட்டது.

"கொஞ்சம் சும்மா இரு," என்றார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாடாவை இழுத்தார். தான் போட்ட முடிச்சே அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்தார். உறையைப் பிடுங்கி, அதையே விசிறியாக்கி, அலுமினியக் கட்டைக்கு வீசத் தொடங்கினார். ஒரு கை வலித்ததும் மறு கை. ஈ ஓட்டுகிறவன் மாதிரி வீசினார். சிவப்புப் பட்டி படபடத்தது.

"என்ன பண்றீங்க?"

"பேசாத. ஆறட்டும்."

மருமகள் மூச்சுவாங்க வந்து சேர்ந்தாள். கட்டையைப் பார்த்தாள், அவர் கையில் இருந்த உறையைப் பார்த்தாள். "மாமா, ரேடியேட்டருக்குப் போர்வை போத்தியா வண்டி ஓட்டுவீங்க?"

"நானா தெச்சேன்? தையல்காரன் தெச்சான்."

"கேக்குதுண்ணே," என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

டக். குட்டி சுவிட்ச் விட்டுவிட்டது. மனைவி திருகைத் தொட்டாள். ஙீ. நாற்காலி அசைந்தது, வளைவில் திரும்பியது, ஏறியது. மருமகள் தெருவென்றும் பாராமல் கைதட்டிக்கொண்டு கூடவே ஓடினாள். பிரேக்கும் ஓடினார். வீசிக்கொண்டே ஓடினார். ஏற்றத்தின் கடைசிப் பகுதிதான் செங்குத்து. அங்கே சத்தம் தேய்ந்து, நாற்காலி தயங்கியது. பிரேக்குக்குத் தன் வலது கால் தானாக ஒரு ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது தெரிந்தது. சக்கரம் விளிம்பைத் தாண்டியது. சமதளம். நூலக வாசல்.

மனைவி நாற்காலியைத் திருப்பி நிறுத்தினாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது, அவளே ஓடி வந்தமாதிரி.

"நடுவுல நின்னுச்சு," என்றார் பிரேக்கு.

"நிறுத்தினது நீங்க."

"நின்னது நின்னதுதான்."

"சரி டிரைவரே. அப்ப எதுக்கு வீசினீங்க?"

பிரேக்கு உறையை உதறி மடித்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு எட்டி, சிவந்திருந்த அவர் புறங்கையை ஒரு தடவை தடவினாள். "நீங்க வீட்டுக்குப் போங்க. கடைசிப் பாட்டு முடிஞ்சு நானா வரேன்."

"இறங்குறப்ப பிரேக்கு யாரு போடுவா?"

"திருகுல இருந்து கையை எடுத்தா அதுவா நின்னுடும் மாமா," என்றாள் மருமகள். "நானும் கூட இருக்கேன்."

"நின்னுடுமாம்."

குனிந்து, தகடுகளின் மேல் மறுபடி புறங்கையை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"சூடாத்தான் இருக்கு," என்றார்.

"வெதுவெதுப்பு மாமா."

"இப்ப வெதுவெதுப்பு."

நாற்காலி ஙீ என்று கூடத்துக்குள் போனது. கதவு சாத்திக்கொண்டது. பிரேக்கு உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேட்டில் இறங்கினார். பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் கை இரண்டும் எங்கெங்கோ போயின. முழுசா மிதிக்கிறதாம், முழுசா விடுறதாம், அதுக்குப் பேர் மெதுவாம். எத்தனை நாளைக்கு? மழை பெய்யட்டும். வெயில் காலம் வரட்டும்.

தையல்காரர் கடை வாசலில் காத்திருந்தார். "என்னண்ணே, ஏறிடுச்சா?"

"ஏறியிருக்கு," என்றார் பிரேக்கு, நடையை நிறுத்தாமல். "இறங்கட்டும்."